நம்ம பேர்ல இருக்கிற சொத்து, நமக்குப் பின்னால் யாருக்கு?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் கணக்கு எழுதி, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கும் நேரம். ஒரு அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. "மேடம், ஒரு சந்தேகம். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் வீடு எங்க அம்மாவுக்குத்தானே போகும்?" என்று கேட்டார்.

அந்த அக்காவுக்குக் குழந்தை இல்லை. கணவர் இறந்து பதினேழு வருடம் ஆகிறது. குழுவில் கடன் வாங்கி மாடு வாங்கினார், பால் ஊற்றிக் கடனை அடைத்தார், மறுபடி கடன் வாங்கி மூன்று சென்ட் மனை வாங்கினார், அதில் ஓட்டு வீடு போட்டார். பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் அவர் பேரில். கூட இருப்பது எழுபது வயது தாண்டிய அம்மா மட்டும். கணவர் வீட்டார் அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்குக்கூட இவரைக் கூப்பிடுவதில்லை.

நான் யோசிக்காமல் "ஆமாக்கா, அம்மாவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வட்ட சட்டப் பணிகள் குழு வக்கீல் ஒருவரிடம் வேறு விஷயமாகப் பேசும்போது இதையும் கேட்டேன். அவர் சிரித்தார். "தப்பாச் சொல்லிட்டீங்களே. அந்த வீடு அம்மாவுக்குப் போகாது. புருஷன் வீட்டு வாரிசுகளுக்குத்தான் போகும்" என்றார். நான் சமூகப்பணி படித்தபோது இந்தச் சட்டங்களின் பெயர், வருடம் எல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள்தான். ஆனாலும் தெரியவில்லை. அன்றைக்கே திரும்பிப் போய் அந்த அக்காவிடம் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அதன் பிறகு நடந்ததைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் வந்தது. இந்துப் பெண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனால் அவருடைய சொத்து யாருக்கு என்று அதில் 15-வது பிரிவு சொல்கிறது. முதலில் மகன், மகள், கணவர். இவர்கள் யாருமே இல்லை என்றால், அடுத்து கணவரின் வாரிசுகள். அதற்கும் பிறகுதான் அந்தப் பெண்ணைப் பெற்ற அம்மா, அப்பா. சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்கும் இதே வரிசைதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அம்மா, அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்தாக இருந்து, பிள்ளைகளும் இல்லை என்றால் அது அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போகும். ஆனால் நம் கையால் உழைத்து வாங்கியதற்கு அந்த விதிவிலக்கு கிடையாது.

ஏட்டில் மட்டும் இருக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். வட இந்தியாவில் ஒரு பெண்ணுக்கு 1955-ல் கல்யாணம் ஆனது. மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். கணவர் வீட்டில் துரத்திவிட்டார்கள். பெற்றவர்கள் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், நாற்பது வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. 1996-ல் உயில் எழுதாமல் இறந்தார். வங்கியில் பணம், வருங்கால வைப்பு நிதி எல்லாம் இருந்தது. பெற்ற அம்மா எனக்கு என்று கேட்டார். கணவருடைய அக்கா தங்கை பிள்ளைகள் எங்களுக்கு என்று கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2009-ல் தீர்ப்பு வந்தது. பணம் கணவர் வீட்டாருக்குத்தான். இரக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, சட்டம் இப்படித்தான் இருக்கிறது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதே பிரிவைப் பற்றிய இன்னொரு வழக்கில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பெண்களிடம், குறிப்பாக இந்துப் பெண்களிடம், உயில் எழுதி வையுங்கள் என்று வேண்டுகோள் வைத்தது. நீதிமன்றமே அப்படிச் சொல்கிறது என்றால் நாம் ஏன் தள்ளிப் போட வேண்டும்?

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு சட்டம். கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமில்லாமல் சமமாக. முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மகளுக்கு மகனுக்குக் கிடைப்பதில் பாதி. உயிலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. வாரிசுகளில் ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

உயில் எழுதுவது எப்படி?

உயில் என்றாலே நம் ஊரில் முகம் சுளிக்கிறார்கள். அந்த அக்காவின் அம்மா என்னைத் திட்டியே விட்டார். "நல்லா இருக்கிற புள்ளைகிட்ட சாவுப் பேச்சு பேசுறியே" என்று. ஒரு காபி குடித்து முடிக்கும் வரை அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. பயிருக்கு இன்சூரன்ஸ் போடுகிறோம், மாட்டுக்குப் போடுகிறோம், அதனால் மாடு செத்தா போய்விடுகிறது என்று கேட்ட பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலே செல்லும். தமிழில் எழுதலாம், கையாலும் எழுதலாம். சுயநினைவோடு, யாருடைய மிரட்டலும் இல்லாமல், 18 வயது நிரம்பியவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த இரண்டு சாட்சி இல்லாத உயில் செல்லாது. நம் தோழிகள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். நோட்டில் "என் நகை எல்லாம் என் மகளுக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிட்டால் அது உயில் ஆகாது.

சாட்சியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பிறகு யாராவது வழக்குப் போட்டால், உயிருடன் இருக்கும் சாட்சி ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டி வரும். அதனால் நம்மைவிட வயது குறைந்தவராக, ஊரிலேயே இருப்பவராக, அந்தச் சொத்தில் பங்கு இல்லாதவராக இருப்பது நல்லது. அந்த அக்கா முதலில் சொன்ன சாட்சி எண்பது வயதுப் பெரியவர். "அவருக்கு நீங்க சாட்சி போட வேண்டி வரும்" என்று வக்கீல் சொல்லவும் எல்லோரும் சிரித்துவிட்டோம். கடைசியில் எங்கள் குழு ஊக்குநரும் பக்கத்து வீட்டு ஆசிரியையும் சாட்சி போட்டார்கள்.

எதை எழுதுகிறோமோ அதைத் தெளிவாக எழுத வேண்டும். "என் வீடு" என்று மட்டும் எழுதக்கூடாது. சர்வே எண், பட்டா எண், எத்தனை சென்ட், நான்கு பக்கமும் என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் பதிவான என்ன எண் பத்திரம், இவ்வளவும் வேண்டும். நகை என்றால் எத்தனை பவுன், என்ன நகை. சம்பந்தப்பட்ட எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. வயதானவர் என்றால் தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி வைத்தால் பின்னாளில் உதவும்.

உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் பதிவு செய்வது நல்லது. "போலி உயில்" என்று ஒருவர் எளிதாகச் சொல்லிவிட முடியாது, தொலைந்தாலும் நகல் கிடைக்கும். ஒன்று கவனியுங்கள்: பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை வேறு யாருக்கும் அதன் நகல் தரமாட்டார்கள். "பதிஞ்சா கொழுந்தனுக்குத் தெரிஞ்சிடுமே" என்று அந்த அக்கா பயந்தார். இதைச் சொன்ன பிறகுதான் சரி என்றார்.

உயில் நாம் இருக்கும்வரை வெறும் தாள்தான். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். வீட்டை விற்க வேண்டி வந்தால் உயில் தடுக்காது. கிறிஸ்தவத் தோழிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணம் ஆனதும் ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும்.

நம் பங்கை மட்டும்தான் நாம் எழுத முடியும். கணவன் மனைவி கூட்டாக வாங்கிய வீடு என்றால் நம் பாதியைத்தான் எழுத முடியும். அரசு கொடுத்த வீட்டுமனைப் பட்டா என்றால் அதில் அச்சடித்திருக்கும் நிபந்தனைகளை முதலில் யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். பஞ்சமி நிலமும் அப்படித்தான். அதைப் பட்டியலினத்தவர் அல்லாதவருக்கு விற்கவோ மாற்றவோ முடியாது.

உயிலா, செட்டில்மெண்டா?

"உயில் எல்லாம் எதுக்கு, இப்பவே எழுதிக் கொடுத்திடு" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பத்திரம் எழுதும் இடத்திலும் அதைத்தான் சொல்வார்கள். தான செட்டில்மெண்ட் எழுதினால் சொத்து அன்றைக்கே அவர்களுக்குப் போய்விடும். அவர்கள் ஏற்றுக்கொண்டு அனுபவத்துக்கு வந்த பிறகு, நாம் கோபித்துக்கொண்டு ஒருதலையாக ரத்து செய்ய முடியாது.

செலவு என்ன? நம் நாட்டில் இப்போது வாரிசுச் சொத்துக்கு வரி கிடையாது. 1953-ல் எஸ்டேட் டூட்டி என்று ஒரு வரி வந்தது, பெரிய சொத்துக்களுக்கு 85 சதவீதம் வரைகூடப் போனது. 1985-ல் எடுத்துவிட்டார்கள். "அப்பா சொத்து வந்தா கவர்மெண்டு பாதி எடுத்துக்குமாமே" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். நெருங்கிய சொந்தத்தில் கொடுக்கும் அன்பளிப்புக்கும் வருமான வரி இல்லை. ஆனால் உயிருடன் இருக்கும்போது பத்திரம் மூலம் மாற்றினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு.

குடும்பத்துக்குள், அதாவது அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர்களுக்குள் செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். எவ்வளவு பெரிய சொத்தாக இருந்தாலும் தீர்வை 40,000 ரூபாயைத் தாண்டாது, கட்டணம் 10,000 ரூபாயைத் தாண்டாது. 2023 ஜூலையில் உயர்த்திய உச்சவரம்பு இது. வழிகாட்டி மதிப்பு 6 லட்சம் உள்ள வீட்டை மகளுக்கு எழுதினால் 6,000 + 6,000, மொத்தம் 12,000 ரூபாய். இதையே விலைக்கு விற்றதாகக் கிரயப் பத்திரம் போட்டால் 7 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் கட்டணம், 54,000 ரூபாய் ஆகும். பத்திரம் எழுதுகிறவர் கூலி தனி. அவர் ஒரு மொத்தத் தொகையைச் சொன்னால் "இதுல கவர்மெண்டுக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு" என்று தைரியமாகக் கேளுங்கள். அரசுக்குக் கட்டும் பணத்துக்கு ரசீது உண்டு.

புதிதாக இடம் வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் வாங்கிப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வீட்டில் பேசும்போது இதைச் சொல்லுங்கள். "உன் பேர்ல எதுக்கு" என்று கேட்கிறவரும் பணம் மிச்சம் என்றால் யோசிப்பார்!

இனி செலவைவிடப் பெரிய விஷயம். இன்னொரு குழுவில் ஒரு அம்மா, அறுபத்தி மூன்று வயது. வீட்டை மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். "உங்களை விட்டா எனக்கு யாரும்மா" என்று சொன்ன மகன்தான். எட்டு மாதத்தில் அம்மாவின் சாமான்கள் திண்ணைக்கு வந்தன. பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போயின. ஒரு மழை நாளில் குழுக் கூட்டத்துக்கு அந்த அம்மா நனைந்த சேலையோடு வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. இத்தனை நாள் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 60 வயது ஆனவர், தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். ஆனால் அந்த அம்மாவின் பத்திரத்தில் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று மட்டும்தான் இருந்தது. கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. 2022-ல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பில், இது முதியவர்களுக்கு நன்மை செய்ய வந்த சட்டம், அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்றது. அந்த அம்மா மனு கொடுத்திருக்கிறார், விசாரணை நடக்கிறது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்.

ஒரு வரி இருந்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை. எழுதியே தீர வேண்டும் என்றால் இரண்டு விஷயங்களைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, "என் ஆயுள் வரை இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை எனக்கு உண்டு" என்பது. இரண்டு, "சாப்பாடு, மருந்து, துணிமணி உள்ளிட்ட என் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும், தவறினால் இந்த செட்டில்மெண்ட் ரத்தாகும்" என்பது. "பெத்த புள்ளைகிட்ட கண்டிஷன் போடுறதா" என்று கேட்பார்கள். குழுவில் இருபது வருடமாக உயிர்த் தோழியாக இருப்பவருக்கும் நோட்டில் எழுதாமல் நாம் கடன் கொடுப்பதில்லையே. என் சொந்தக் கருத்து, உயிலே போதும். பிள்ளை நல்ல பிள்ளை என்றால் அவனுக்கும் அது போதும்.

டிரஸ்ட் என்றால் நம்ம ஆபீஸ் மாதிரியா?

இப்படித்தான் ஒரு தோழி கேட்டார். நம் தொண்டு நிறுவனமும் ஒரு டிரஸ்ட்தான், அது பொதுமக்களுக்கு. ஒரு குடும்பத்துக்குள், ஒருவருடைய நன்மைக்காக மட்டும் டிரஸ்ட் வைக்கவும் 1882-லிருந்தே சட்டம் இருக்கிறது. சொத்து ஒருவர் கையில் இருக்கும், பயன் இன்னொருவருக்குப் போகும். கையில் வைத்திருப்பவரை அறங்காவலர் என்கிறோம். அவர் தன் லாபத்துக்கு அதைத் தொடக்கூடாது.

பணக்காரர்கள் விஷயம் என்று தோன்றும். ஆனால் கேட்ட தோழிக்கு இருபத்தி நான்கு வயதில் மனவளர்ச்சி குன்றிய மகன். கணவர் இல்லை. நான்கு சென்ட் வீடு, முன்பக்கம் ஒரு சிறு கடை வாடகைக்கு. "நான் போயிட்டா இவனுக்கு யாரு சோறு போடுவா" என்பது அவர் தினமும் ராத்திரி கேட்டுக்கொள்ளும் கேள்வி. மகன் பேருக்கே நேராக எழுதினால் அவனால் வாடகை வசூலிக்கவோ கணக்குப் பார்க்கவோ முடியாது, யாராவது ஏமாற்றிக் கைநாட்டு வாங்கிவிடலாம். தங்கை மகளுக்கு எழுதிவிட்டு "இவனைப் பார்த்துக்கோ" என்று வாயால் சொன்னால், நாளைக்கு அந்தப் பெண்ணின் கணவர் என்ன சொல்வாரோ தெரியாது.

அதனால் உயிலிலேயே டிரஸ்ட் எழுதினோம். வீட்டைத் தங்கை மகள் அறங்காவலராக வைத்திருப்பார். கடை வாடகையில் மகனுக்குச் சாப்பாடு, மருந்து, உடுப்பு. வருடா வருடம் கணக்கு எழுத வேண்டும். மகன் இருக்கும்வரை வீட்டை விற்கக்கூடாது. அவன் காலத்துக்குப் பிறகு வீடு தங்கை மகளுக்கே. அவரால் முடியாமல் போனால் அடுத்த அறங்காவலர் யார் என்பதும் எழுதியிருக்கிறது. உயில் என்பதால் முத்திரைத் தீர்வை இல்லை. உயிருடன் இருக்கும்போதே வீட்டை வைத்து டிரஸ்ட் ஏற்படுத்தினால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும், செலவும் உண்டு.

மகனுக்குப் பாதுகாவலர் வேண்டும் என்பது தனி விஷயம். மனவளர்ச்சி குன்றியோர், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு 18 வயது ஆன பிறகும் பாதுகாவலர் நியமிக்க 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் உள்ள உள்ளூர்க் குழு இதைச் செய்யும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் விண்ணப்ப விவரம் சொல்வார்கள். நம்மிடம் இப்படிப் பிள்ளைகள் உள்ள தோழிகள் எத்தனையோ பேர். இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

கணவர் கடன் நம் வீட்டைத் தொடுமா?

பெண் பேரில் உள்ள சொத்து பெண்ணுக்கே முழுச் சொந்தம். கணவர் வாங்கிய கடனுக்கு அதை எடுக்க முடியாது, ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கடன் கையெழுத்தோ நாம் போடாதவரை. நம் வீடுகள் போவது இந்தக் கையெழுத்தில்தான். கணவர் இறந்த பிறகு கடன்காரர் வாசலில் வந்து நின்றால், அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. நம் நகை, நம் சம்பாத்தியம், சீதனம் அதில் சேராது. ஆனால் கடன் கழுத்தை நெரிக்கும்போது அவசரமாகக் கணவர் சொத்தை மனைவி பேருக்கு மாற்றினால் அது காப்பாற்றாது, கடன்காரரை ஏமாற்றச் செய்தது என்று கோர்ட்டு ரத்து செய்யலாம்.

யாரும் அதிகம் சொல்லாத ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874. கணவர் தன் உயிருக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது இந்தச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகள் பேரில் எடுத்தால் அந்தப் பாலிசி அவர்களுக்கான டிரஸ்ட் ஆகிவிடும். கணவரின் கடன்காரர்கள் அந்தப் பணத்தைத் தொட முடியாது. கணவரே மனம் மாறி வேறு யாருக்கும் மாற்ற முடியாது. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளிலிருந்தே உண்டு. பாலிசி எடுக்கும்போதே தனிப் படிவம் கொடுக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. ஏஜெண்டிடம் நீங்களாகக் கேளுங்கள், அவர்களாகச் சொல்வது குறைவு.

நாமினி பற்றியும் ஒரு வார்த்தை. பேங்க் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் ஆள்தான், சொந்தக்காரர் அல்ல. வாரிசுகளுக்கோ உயிலில் உள்ளவருக்கோ அவர் கொடுக்க வேண்டும். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சேரும். 2025 நவம்பர் 1 முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் யார் பேர் இருக்கிறது என்று பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். நம் குழுச் சேமிப்புக்கும் இது வேண்டும். உறுப்பினர் இறந்தால் அவருடைய சேமிப்பும் வட்டியும் யாரிடம் கொடுப்பது என்று எத்தனை குழுவில் எழுதி வைத்திருக்கிறோம்? தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி ஒவ்வொருவரும் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு கூட்டத்தில் முடிந்துவிடும்.

பிறந்த வீட்டுச் சொத்து

இதற்குத் தனியாக ஒரு இதழே வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் கல்யாணம் ஆன பெண்களுக்கும் சேர்த்து நாடு முழுவதும் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்திலோ கோர்ட்டு மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். எழுதாமல் இறந்தால் அவருடைய அம்மா, மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு.

அண்ணன் தம்பி வந்து "லோன் வாங்கணும், சும்மா ஒரு கையெழுத்து" என்று சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூப்பிட்டால் அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரம். என் அம்மா அப்படித்தான் ஒரு பட்டுச் சேலைக்கும் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கும் கையெழுத்துப் போட்டு வந்தார். என்ன பத்திரம் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். படித்துக் காட்டச் சொல்லி, எவ்வளவு மதிப்புள்ள பங்கை விடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டு வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். போனில் 15100.

அந்த அக்கா இரண்டு வாரத்தில் உயில் எழுதிப் பதிந்தார். வீடு அம்மாவுக்கு, அம்மா முந்திவிட்டால் தான் வளர்த்த தங்கை மகளுக்கு. அசல் எங்கே இருக்கிறது என்று ஊக்குநருக்கும் தங்கை மகளுக்கும் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்ததும் சட்ட உதவி வக்கீல் வருகிறார். வரும்போது உங்கள் பேரில் உள்ள பத்திரத்தின் ஜெராக்ஸ், பட்டா நகல், ஆதார், இருந்தால் இன்சூரன்ஸ் பத்திரம் எடுத்து வாருங்கள். அசல் எதையும் கொண்டு வர வேண்டாம், பஸ்ஸில் தொலைந்துவிடும்.